வெப்பக் கடலின் ஓசை வரலாறு

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள மட்டக்களப்பு வாவியில், இரவு நேரங்களில் நீரின் அடியிலிருந்து இனிய நாதம் எழுகின்றது என்னும் செய்தி அவ்வூர் மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்ததே. அதனை நேரில் சென்று செவிமடுத்து, பிற நாட்டாரும் அறியுமாறு விரிவாக எழுதிவைத்தவர், அக்காலத்தில் அத்தீவின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த ஸர் ஜேம்ஸ் எமர்ஸன் டென்னெண்ட் ஆவார். 1848ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்து இரவொன்றில், நிலவு எழுந்தபின், மீனவர்களுடன் படகேறிச் சென்ற அவர், ஒரே ஓசை நீண்டு ஒலிப்பதாக அன்றி, பல சிறிய நாதங்கள் தனித்தனியே பிறந்து ஒன்றோடொன்று கலப்பதைக் கேட்டார்; படகின் மரத்தின்மேல் காதை வைத்தபோது அந்நாதம் பன்மடங்கு தெளிவாயிற்று; படகு இடம் மாறியபோது அது ஓரிடத்தில் வலுத்தும், ஓரிடத்தில் மெலிந்தும், பிறிதோரிடத்தில் அறவே மறைந்தும் போயிற்று. உடன் வந்த மீனவர்கள் அவ்வோசைக்குக் காரணம் ஊரி என்னும் நத்தையினமே என்றனர். இவற்றையெல்லாம் டென்னெண்ட் 1859இல் வெளிவந்த தம் இலங்கை பற்றிய நூலில் எழுதினார். பிற்காலத்தில், அம்மண்ணிலேயே பிறந்த விபுலானந்த சுவாமிகள், 1947இல் அரங்கேறிய தம் ‘யாழ் நூ’லில் இந்த நீரடி இசையைப் பற்றிச் சிந்தித்துள்ளார். பாடுவது மீனோ நத்தையோ என்னும் விவாதம் ஒருபுறம் இருக்க, வெப்பக் கடலோரத்து மக்கள் நீரை உற்றுக் கேட்கும் பழக்கத்தை விஞ்ஞானிகளின் உபகரணங்களுக்கு நெடுங்காலம் முன்பே பெற்றிருந்தனர் என்பதற்கு அந்தப் படகின் மரமே போதிய சாட்சியாகும்.

இப்பழக்கம் ஒரு வாவிக்கு மட்டும் உரியதன்று. மலேயாவின் கீழ்க்கரையில், கிளந்தான், திரங்கானு ஆகிய பிரதேசங்களில், பெருவலை வீசும் மீனவர் கூட்டத்திற்குத் தலைவராக விளங்கிய ‘ஜூரு செலாம்’ என்பவர், படகின் ஓரத்தைப் பற்றிக்கொண்டு நீருள் தலையமிழ்த்தி, எவ்வகை மீன், எத்திசையில், எவ்வளவு பெரிய திரளாக வருகின்றது என்பதைச் செவியாலேயே நிர்ணயித்து, வலை விடும் நேரத்தைக் கூறுவார். 1939, 1940ஆம் ஆண்டுகளில் கிளந்தான் கரையில் தங்கி அம்மக்களின் வாழ்க்கையை ஆராய்ந்த ரேமண்ட் ஃபர்த் என்னும் மானிடவியல் அறிஞரின் நூல் அத்தொழிலாளரின் பொருளாதார வாழ்வை விரிவாக விளக்குகின்றது. துடுப்பாலும் பாயாலும் செல்லும் படகுகளே இருந்த கடலில் இவ்வித்தை செல்லுபடியாயிற்று. அருகில் இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகு, மீனின் மெல்லிய ஒலியை மனிதச் செவி பிரித்தறிவது அரிது என்பது எவருக்கும் எளிதில் விளங்கும்.

நீரில் ஒலி எத்துணை விரைவாகச் செல்கின்றது என்பதைக் கணக்கிடும் முயற்சி குளிர்ந்த நாடுகளில் தொடங்கியது. 1826ஆம் ஆண்டில், ஜினீவா ஏரியில், டானியல் கொலடான் என்பவரும் சார்ல்ஸ் ஸ்டர்ம் என்பவரும் இரு படகுகளைப் பதின்மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரத்தில் நிறுத்தி, ஒரு படகில் நீருக்குள் மணியை அடித்த அதே கணத்தில் வெடிமருந்தைக் கொளுத்திச் சுடர் காட்டி, மற்றொரு படகில் சுடருக்கும் மணியோசைக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்தனர். எட்டு டிகிரி உஷ்ணமுடைய அந்த நன்னீரில் ஒலியின் வேகம் வினாடிக்கு 1,435 மீட்டர் என அவர்கள் கண்டனர். வங்காள விரிகுடாவின் மேற்பரப்பில், இருபத்தெட்டு, இருபத்தொன்பது டிகிரி உஷ்ணமுடைய உப்பு நீரில், அவ்வேகம் 1,540 மீட்டர் அளவுக்கு உயர்கின்றது. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள வேற்றுமை அப்போது எவரையும் கவலைப்படுத்தவில்லை. ஆயினும், பின்னர் யுத்தக் கப்பல்களின் வாழ்வையும் சாவையும் நிர்ணயித்த இரகசியம் அவ்வேற்றுமைக்குள்ளேதான் அடங்கியிருந்தது.

இதற்கிடையே கடலின் ஓசையை மாற்றும் வேறொரு சக்தி வெப்பக் கடல்களுக்குள் நுழைந்துவிட்டது. 1825இல் ‘எண்டர்பிரைஸ்’ என்னும் நீராவிக் கப்பல் இங்கிலாந்திலிருந்து கல்கத்தா வந்து சேர்ந்தது. அது பக்கச் சக்கரங்களாலும் பாய்களாலும் ஓடியது. அடுத்த தலைமுறையில் திருகு விசிறி சக்கரத்தின் இடத்தைப் பிடித்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டபின், செங்கடல், அரபிக்கடல், வங்கக்கடல், மலாக்கா நீரிணை என்னும் வழி உலக வாணிபத்தின் இராஜபாட்டையாயிற்று. 1912இல், பெருங்கடலில் ஓடிய முதல் பெரிய டீசல் கப்பலாகிய ‘ஸெலாண்டியா’ தன் கன்னிப் பயணத்தில் கோபன்ஹேகனிலிருந்து புறப்பட்டுச் சென்ற துறைமுகம் பாங்காக் என்பதை நினைத்தால், இயந்திர யுகத்தின் ஒவ்வொரு புதுக் குரலையும் வெப்பக் கடல் தொடக்கத்திலேயே கேட்டுவிட்டது என்று சொல்லலாம்.

கப்பலின் ஓசைக்கு முக்கியமான காரணம் இயந்திர அறையில் இருப்பதைவிட அதிகமாக, பின்புறத்தில் சுழலும் விசிறியில் இருக்கின்றது. 1890களின் நடுவில், ‘டேரிங்’ என்னும் பிரிட்டிஷ் யுத்தக் கப்பலை வெள்ளோட்டம் விட்டபோது, இயந்திரம் எவ்வளவு வேகமாகச் சுழன்றும் கப்பல் எதிர்பார்த்த வேகத்தை அடையாதது கண்டு, தார்னிகிராப்ட், பார்னபி ஆகிய பொறியியலார் காரணத்தை ஆராய்ந்தனர். விசிறியின் இதழ்கள் மிகுந்த வேகத்தில் நீரைக் கிழிக்கும்போது, அவற்றின் முதுகில் அழுத்தம் மிகக் குறைந்து, நீரே ஆவியாகிக் குமிழிகளாகப் பிரிந்துவிடுகின்றது. அக்குமிழிகள் அழுத்தம் மிக்க இடத்தை அடைந்தவுடன் நொடிப்பொழுதில் நசுங்கி அழிகின்றன. நீராவிச் சுழலியைக் கண்டுபிடித்த சார்ல்ஸ் பார்ஸன்ஸ், 1895இல் இதற்கென்றே ஒரு சிறிய நீர்ச்சுரங்கத் தொட்டியை அமைத்து, அக்குமிழிகளைக் கண்ணாற் கண்டார். லார்டு ராலே 1917இல் குமிழி அழியும் விதத்தைக் கணித முறையில் விளக்கினார். விசிறி அரிக்கப்படுவதும் வேகம் குறைவதுமே அன்று பொறியியலாரின் கவலையாக இருந்தன. ஒவ்வொரு குமிழியின் அழிவும் ஒரு வெடிச் சப்தம் என்பதும், இலட்சக்கணக்கான அச்சப்தங்கள் சேர்ந்தே கப்பலின் பேரோசை ஆகின்றது என்பதும் யுத்தம் வந்தபின்னரே முக்கியத்துவம் பெற்றன.

முதல் உலக யுத்தத்தில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் வாணிபக் கப்பல்களை மூழ்கடித்து வந்தபோது, கண்ணுக்குத் தெரியாத பகைவனைக் காதால் அறியும் முயற்சியில் பெரும் பௌதிக அறிஞர்கள் ஈடுபட்டனர். பிரிட்டனில் எர்னஸ்ட் ரூதர்போர்டு நீரடி ஒலிவாங்கிகளை ஆராய்ந்தார். பிரான்ஸில் பால் லாங்ஷ்வான், ஸ்படிகத் தகட்டின் மின் அதிர்வைக் கொண்டு செவிக்கெட்டாத உயர் ஒலியை நீருக்குள் செலுத்தி, அதன் எதிரொலியைப் பெறும் வழியைக் கண்டார். பிற்காலத்தில் சோனார் என்று பெயர் பெற்ற கருவியின் பிறப்பு இதுவே. அக்கருவியை வளர்த்த சோதனைகள் பெரும்பாலும் குளிர்ந்த அட்லாண்டிக் கடலையும் அதன் அயற்கடல்களையும் மனத்திற்கொண்டு செய்யப்பட்டமையால், அந்நீரின் குணமே எல்லாக் கடலின் குணமும் என்னும் எண்ணம் கருவிகளோடு சேர்ந்து வளர்ந்தது.

அவ்வெண்ணத்தை முதலில் உடைத்தது ஒரு வெப்பக் கடலேயாகும். 1930களின் பிற்பகுதியில், கியூபாத் தீவின் குவாண்டனாமோ விரிகுடாவை அடுத்த நீரில் பயிற்சி செய்த அமெரிக்கக் கடற்படையினர், காலையில் நன்றாக வேலை செய்த சோனார், பிற்பகலில் அண்மையிலுள்ள நீர்மூழ்கியைக்கூடக் கண்டறியாமல் தோல்வியுறுவதைக் கண்டு திகைத்தனர். கருவியை இயக்குவோர் நண்பகல் உணவுக்குப்பின் சோர்ந்துவிடுகின்றனரோ என்ற சந்தேகமும் எழுந்தது. உட்ஸ் ஹோல் கடலாராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த கொலம்பஸ் இஸெலின் முதலியோர் ‘அட்லாண்டிஸ்’ என்னும் ஆராய்ச்சிக் கப்பலில் சென்று, ‘ஸெம்ஸ்’ என்னும் போர்க்கப்பலுடன் சேர்ந்து சோதித்தபோது குற்றம் மனிதரிடம் இல்லை என்பது தெளிவாயிற்று. நாள் முழுதும் காயும் வெயிலால் கடலின் மேற்பரப்பு நீர் சில மீட்டர் ஆழம்வரை ஓரிரு டிகிரி சூடேறுகின்றது. சூடான நீரில் ஒலி விரைந்தும் அதன்கீழ்க் குளிர்ந்த நீரில் மெதுவாகவும் செல்வதால், ஒலிக்கற்றை கீழ்நோக்கி வளைந்துவிடுகின்றது. வளைந்த கற்றைக்கு அப்பால், ஒலியே சென்றடையாத ஒரு நிழல் மண்டலம் உருவாகி, நீர்மூழ்கி அதனுள்ளே பத்திரமாக மறைந்துகொள்கின்றது. 1937இல் அதெல்ஸ்டன் ஸ்பில்ஹவுஸ் அமைத்த, ஓடும் கப்பலிலிருந்தே ஆழத்தையும் உஷ்ணத்தையும் ஒருங்கே பதிவு செய்யும் கருவி, அந்நிழலின் எல்லையை முன்கூட்டியே கணிக்க உதவிற்று. இவ்வாறு, கடலின் உஷ்ண அமைப்பை அறியாதவனுக்குக் கடலின் ஒலி புரியாது என்னும் முதற் பாடத்தை வெப்பக் கடல் கற்பித்தது.

இரண்டாம் பாடத்தைக் கற்பித்தது விரலளவுள்ள ஓர் இறால். இரண்டாம் உலக யுத்தத்தின்போது, ஆழமற்ற வெப்பக் கடல்களில் ஒலிவாங்கிகளை இறக்கியவர்கள், காய்ந்த எண்ணெயில் கடுகு பொரிவது போன்ற ஓயாத படபடப்பைக் கேட்டு, பகைவரின் சூழ்ச்சியோ கருவியின் பழுதோ என மயங்கினர். கலிபோர்னியாவின் ஸான் டியாகோவிலிருந்த யுத்த ஆராய்ச்சிப் பிரிவில் பணியாற்றிய மார்ட்டின் ஜான்ஸன், ஆல்டன் எவரெஸ்ட், ராபர்ட் யங் ஆகியோர், பாறை, பவளம், சிப்பி மேடு ஆகியவற்றின் இடுக்குகளில் வாழும் சொடுக்கு இறால்களே அவ்வோசைக்குக் காரணம் என நிலைநாட்டி, 1947இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். பெரிய கொடுக்கொன்றை இவ்விறால் இமைப்பொழுதில் மூடும்போது சொடுக்கொலி பிறக்கின்றது. வெப்பக் கடல்களிலும் மிதவெப்பக் கடல்களிலும், சுமார் 55 மீட்டருக்குக் குறைந்த ஆழத்தில், அது கோடிக்கணக்கில் வாழ்வதால், 2,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பரந்த அதிர்வெண் வீச்சில் இரவும் பகலும் கடலை ஒலியால் நிரப்புகின்றது. கொடுக்கின் இரு பாகங்களும் மோதுவதாலேயே அவ்வொலி எழுகின்றது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. 2000ஆம் ஆண்டில் ஐரோப்பிய விஞ்ஞானிகள் அதிவேகப் படப்பிடிப்பின் மூலம், கொடுக்கு மூடும் வேகத்தில் பீறிட்ட நீரில் ஒரு குமிழி தோன்றி நசுங்குவதாலேயே ஒலி பிறக்கின்றது என நிரூபித்தனர். கப்பல் விசிறியும் கடல் இறாலும் ஒரே பௌதிக விதியைக் கொண்டே சப்தம் எழுப்புகின்றன என்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்க உண்மை.

இறால் மட்டுமன்று. ஆஸ்திரேலியாவை அடுத்த வெப்பக் கடல்களில் டக்ளஸ் கேட்டோ என்பவர் செய்த அளவைகள், 1978இல் வெளிவந்தவை, சூரியன் மறைந்தபின் மீன்களும் பிற ஜலசரங்களும் சேர்ந்தெழுப்பும் கூட்டொலியால் கடலின் சராசரி ஓசை பல மணி நேரம் உயர்ந்து நிற்பதைக் காட்டின. பருவமழைக் காலத்தில் வேறொரு குரல் சேர்கின்றது. தூறலின் சிறு துளிகள் நீரில் விழுந்து அடைக்கும் நுண்ணிய காற்றுக் குமிழிகள் 15,000 ஹெர்ட்ஸை அடுத்த தனி ஒலியை எழுப்ப, பெருமழையின் பெரிய துளிகளோ அதனினும் பரந்த ஓசையை உண்டாக்குகின்றன. மேலும் கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா முதலிய நதிகள் கொண்டுவந்து கொட்டும் நன்னீர் வங்காள விரிகுடாவின் மேல் ஓர் இலேசான படலமாகப் பரவி, உவர்ப்பிலும் உஷ்ணத்திலும் அடுக்கடுக்கான வேறுபாடுகளை உண்டாக்குகின்றது. ஆகவே, வெப்பக் கடல் இயல்பாகவே ஓசை மிகுந்தது, அதனூடே ஒலி செல்லும் பாதையும் இயல்பாகவே சிக்கலானது, பருவந்தோறும் மாறுவது.

ஆழ்கடலின் நிலை வேறு. மேலே உஷ்ணத்தாலும் கீழே அழுத்தத்தாலும் ஒலியின் வேகம் மிகுவதால், இடையே வேகம் மிகக் குறைந்த ஒரு மட்டம் அமைகின்றது. துருவக் கடல்களில் மேற்பரப்பை ஒட்டியும், நடு அட்சரேகைக் கடல்களில் சுமார் 1,000 மீட்டர் ஆழத்திலும், வட இந்தியக் கடலில் அதனினும் ஆழத்திலும் இருக்கும் இந்த மட்டத்தில் சிக்கிய ஒலி, மேலும் கீழும் சிதறாமல் ஒரு கால்வாயில் ஓடுவதுபோல் நெடுந்தூரம் செல்லும். 1944இல் மாரிஸ் யூவிங், லாமார் வோர்ஸெல் இருவரும் பஹாமாத் தீவுகளை அடுத்த கடலில் வெடி வைத்து, அவ்வொலியை ஏறக்குறைய 900 மைலுக்கு அப்பாலும் கேட்டனர். 1960இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரை அடுத்த கடலில் வெடித்த ஒலி, ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் கடந்து, சுமார் மூன்றே முக்கால் மணி நேரத்திற்குப்பின் பெர்முடாத் தீவில் பதிவாயிற்று. கடலில் எழுப்பப்படும் தாழ்ந்த ஒலி எவருக்கும் சொந்தமான எல்லைக்குள் நின்றுவிடுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

கேட்கும் வித்தை இவ்வாறு வளர, கேட்கப்படாதிருக்கும் வித்தையும் அதனோடு போட்டியிட்டு வளர்ந்தது. இரண்டாம் யுத்தத்தின் பிற்பகுதியில் ஜெர்மானியர் சில நீர்மூழ்கிகளின் உடல் முழுவதையும் துளையிட்ட செயற்கை ரப்பர்த் தகடுகளால் போர்த்தி, எதிரொலியை விழுங்கச் செய்தனர். அணுசக்தி நீர்மூழ்கிகள் 1950களில் தோன்றியபோது, அவற்றின் பல்சக்கரங்களும் நீரேற்றும் பம்புகளும் எழுப்பிய இரைச்சல் பெருங்குறையாகத் தென்பட்டது. 1960இல் கடற்படையிற் சேர்ந்த அமெரிக்காவின் ‘டலிபீ’, பல்சக்கரங்களை நீக்கி மின் விசையால் விசிறியைச் சுழற்றி அக்குறையைத் தீர்க்க முயன்றது. இயந்திரங்களை உடலோடு நேராகப் பொருத்தாமல், ரப்பர்த் தாங்கிகளின்மேல் அமைந்த தனி மேடையில் ஏற்றிவைத்தல்; விசிறியின் இதழ்களை மிகுதியாக்கி அரிவாள்போல் வளைத்து, குமிழி பிறக்கும் வேகத்தைத் தள்ளிப்போடுதல்; குழாய்களிலும் கம்பித் தொடர்களிலும் அதிர்வு கடத்தாத இணைப்புகளை வைத்தல்; உடலைத் தகடுகளால் போர்த்துதல் ஆகிய உபாயங்கள் அரை நூற்றாண்டில் பூரணத்துவம் அடைந்தன. இவை அனைத்தையும் தூண்டியது அச்சம்; செலவைப் பாராமல் வளர்த்தது அரசாங்கம்; பாதுகாத்தது இரகசியம். வெப்பக் கடலிலோ இதற்கு ஒரு கூடுதற் சிரமம் உண்டு. சூடான நீரில் கொட்டலசு முதலியன விரைந்து ஒட்டி வளர்வதால், விசிறியின் வழவழப்பான மேற்பரப்பு கரடாகி, குறைந்த வேகத்திலேயே குமிழிகள் பிறக்கத் தொடங்குகின்றன. குளிர்க்கடலுக்கு வகுத்த பராமரிப்புக் கால அட்டவணை இங்கே போதுவதில்லை.

இந்திய நாடு இத்துறையில் புகுந்த வரலாறு சுதந்திரத்தை ஒட்டித் தொடங்குகின்றது. 1952இல் கொச்சியில் ஒரு சிறிய கடற்படைப் பௌதிக ஆராய்ச்சிக்கூடம் அமைந்தது. இன்று கடற்படைப் பௌதிக, கடலியல் ஆய்வகம் என வழங்குவது அதுவே. அதே காலத்தில், ஸான் டியாகோ கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த யூஜின் லஃபாண்ட், வால்டேரிலுள்ள ஆந்திரப் பல்கலைக்கழகத்திற்கு வந்து, இந்திய மாணவர்களுடன் சேர்ந்து வங்காள விரிகுடாவின் உஷ்ண அடுக்குகளை அளந்தார். 1967இல் ‘கல்வரி’ என்னும் முதல் நீர்மூழ்கி நம் கடற்படையிற் சேர்ந்தது. ஆயினும், தன் கடலைத் தானே அறிய வேண்டிய அவசியத்தை நாட்டுக்கு உணர்த்தியது ஒரு பேரிழப்பே. 1971ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி இரவு, டையூவை அடுத்த அரபிக்கடலில், பாகிஸ்தானின் ‘ஹாங்கோர்’ நீர்மூழ்கி எய்த டார்பிடோவால் நம் ‘குக்ரி’ போர்க்கப்பல் மூழ்கி, தலைவர் மகேந்திரநாத் முல்லா உள்பட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிர் நீத்தனர்.

அதன்பின், கோவையை அடுத்த பொள்ளாச்சியிற் பிறந்து, பதினைந்து பதினாறு வயதிலேயே கடற்படைப் பயிற்சியிற் சேர்ந்த ஆரோக்கியசாமி பால்ராஜ், டெல்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இருந்தபடியே, கடற்படையிலிருந்த பிரிட்டிஷ் சோனாரைத் திருத்தியமைக்கும் பணியில் ஈடுபட்டார். 1970களின் பிற்பகுதியில் கொச்சி ஆய்வகத்தில் ஒரு குழுவைத் தலைமையேற்று நடத்தி, ‘அப்ஸோ’ என்னும் புதிய சோனாரை நம் நாட்டிலேயே உருவாக்கினார். 1980களின் தொடக்கத்தில் அது ‘ஹிம்கிரி’ கப்பலில் பொருத்தப்பட்டது. பின்னர் அவர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கம்பியில்லாத் தொடர்பில் செய்த கண்டுபிடிப்பால் உலகப் புகழ் பெற்றார் எனினும், அவருடைய அறிவு முதலில் முதிர்ந்த இடம் வெப்பக் கடலின் கலங்கிய ஓசையே. 1994இல் நீரொலி ஆராய்ச்சிக்கென்றே ‘சாகர்த்வனி’ என்னும் கப்பல் பணியிற் சேர்க்கப்பட்டதும், அதற்கு முந்திய ஆண்டில் சென்னையில் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் நிறுவப்பட்டதும் அத்தொடரின் அடுத்த படிகளாகும். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் நீரொலி ஆய்வகமோ, இறாலின் ஓசையைத் தொல்லையெனக் கருதாமல், அதனையே வெளிச்சமாகக் கொண்டு நீரடிப் பொருள்களின் உருவத்தைக் காணும் கருவியை ஆக்கிற்று. கடலின் இயல்பை எதிர்த்து நில்லாமல் அதற்கிசைந்து நடக்கும் அறிவுக்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

யுத்தக் கப்பல் ஓசை அடங்கிவந்த அதே காலத்தில் வாணிபக் கப்பலின் ஓசை வளர்ந்துகொண்டே சென்றது. 1962இல் கார்டன் வென்ஸ், கடலின் ஓசையைக் காற்று, மழை, ஜீவராசிகள், கப்பல்கள் எனப் பிரித்து வரைந்த வரைபடத்தில், சில பத்து ஹெர்ட்ஸ் முதல் சில நூறு ஹெர்ட்ஸ் வரையுள்ள தாழ்ந்த பகுதியில் தொலைதூரக் கப்பல்களின் ஓசையே மேலோங்குவதைக் காட்டினார். கலிபோர்னியாவை அடுத்த ஸான் நிக்கலஸ் தீவருகே 1960களின் நடுவில் எடுத்த அளவையும், அதே இடத்தில் 2003, 2004இல் எடுத்த அளவையும் ஒப்பிட்டபோது, தாழ்ந்த ஒலி 10 முதல் 12 டெசிபெல் உயர்ந்திருந்தது. பத்து டெசிபெல் என்றால் ஒலியாற்றல் பத்து மடங்கு என்பது பொருள். நம் கரையிலும், 1950களில் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இந்திய-நார்வே மீன்பிடித் திட்டம் விசைப்படகுகளைப் புகுத்தியது முதல், கட்டுமரமும் வள்ளமும் சென்ற கரையோர நீரை இயந்திரம் ஆட்கொண்டது.

இவ்வோசையால் நேரும் தீங்கை உலகம் மெல்லவே உணர்ந்தது. 1971இல் ராஜர் பேய்ன், டக்ளஸ் வெப் என்னும் இருவர், பெருந்திமிங்கிலங்களின் 20 ஹெர்ட்ஸ் குரல் கப்பலில்லாத பழங்கடலில் பல நூறு மைல் சென்றிருக்கக்கூடும் என்றும், கப்பலோசை அத்தூரத்தைச் சுருக்கிவிட்டது என்றும் கணக்கிட்டுக் காட்டினர். 2000ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பஹாமாத் தீவுகளில் 17 கடற்பாலூட்டிகள் கரையொதுங்கின. அவற்றுட் சில மாண்டன. அடுத்த ஆண்டு இறுதியில் அமெரிக்கக் கடற்படையும் மீன்வளத் துறையும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, கடற்படையின் சோனாரே அதற்குப் பொருத்தமான காரணம் என ஒப்புக்கொண்டது. ஆஸ்திரேலியப் பவளத்திட்டிலுள்ள லிஸார்டு தீவில் நடந்த சோதனைகள் சிறிய ஜீவன்களின் நிலையை விளக்கின. திறந்த கடலில் மிதக்கும் மீன் குஞ்சுகள், இறாலும் மீனும் எழுப்பும் பவளத்திட்டின் ஓசையைக் கேட்டே தம் வீட்டைத் தேடி வருகின்றன என்பது 2005இல் வெளியாயிற்று; அவ்வோசையினிடையே மோட்டார்ப் படகின் இரைச்சல் புகும்போது, இளமீன்கள் தம்மைக் கொல்ல வரும் பகைமீனிடமிருந்து தப்பும் திறனை இழக்கின்றன என்பது 2016இல் தெரியவந்தது. வெப்பக் கடலில் ஓசை வாழ்வின் அடையாளம். அதன்மேல் வந்து கவியும் இரைச்சல் அவ்வாழ்வின் வழியை அழிக்கின்றது.

சட்டம் இதனை ஓரளவு முன்னரே கண்டது. 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் கடற்சட்ட உடன்படிக்கை, கடல் மாசு என்பதற்கு இலக்கணம் கூறுமிடத்து, பொருள்களோடு சக்தியையும் சேர்த்தே கூறுகின்றது; ஒலியும் ஒரு சக்தியாதலால் அது அவ்விலக்கணத்துள் அடங்கும். இவ்வுடன்படிக்கையை இலங்கை 1994இலும் இந்தியா 1995இலும் ஏற்றுக்கொண்டன. சர்வதேசக் கடல்சார் நிறுவனம் 2014இல் வாணிபக் கப்பல்களின் நீரடி ஓசையைக் குறைக்கும் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டு, 2023இல் அவற்றைத் திருத்தியமைத்தது. விசிறியைக் குமிழி பிறவாதபடி வடிவமைத்தல், கப்பலின் பின்புறத்து நீரோட்டத்தைச் சீராக்குதல், இயந்திரங்களை நெகிழ்ந்த தாங்கிகளில் வைத்தல், உடலையும் விசிறியையும் சுத்தமாகப் பேணுதல், வேகத்தைக் குறைத்தல் ஆகியவை அந்நெறிகளின் சாரம். எனினும் அவை விரும்பினாற் பின்பற்றலாம் என்னும் அளவிலேயே நிற்கின்றன. இலங்கையின் தென்கோடியாகிய தேவேந்திர முனையை ஒட்டி, நீலத்திமிங்கிலங்கள் ஆண்டு முழுதும் காணப்படும் நீரின் ஊடே, உலகின் மிக நெருக்கமான கப்பற்பாதைகளுள் ஒன்று செல்கின்றது. 2022இல் எம்.எஸ்.ஸி. என்னும் பெருங்கப்பல் நிறுவனம், திமிங்கிலங்களின்மேல் மோதாதிருக்கும் பொருட்டுத் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே விலகிச் செல்லச் செய்தது. மோதலுக்காகச் செய்த இவ்விலகல், அவ்வுயிர்களின் உணவுக்களத்தை ஓசையிலிருந்தும் ஓரளவு காக்கும்.

இந்நெடு வரலாற்றிலிருந்து நாம் பெறத்தக்க முடிவு தெளிவானது. கப்பலை ஓசையின்றி ஓட்டும் கலை மனிதனுக்குத் தெரியாததன்று. கொல்லும் பொருட்டும் கொல்லப்படாதிருக்கும் பொருட்டும் அதனை அவன் பூரணமாகக் கற்றான். வாழவிடும் பொருட்டு அதனைப் பயன்படுத்த மட்டும் தயங்குகின்றான். அக்கலையை வெப்பக் கடலுக்குக் கொண்டுவருவோர், குளிர்க்கடலில் வகுத்த எண்களை அப்படியே எடுத்து இங்கே பொருத்துதல் தகாது என்பதை, குவாண்டனாமோவின் பிற்பகல் முதல் அரபிக்கடலின் அந்த டிசம்பர் இரவு வரையுள்ள அனுபவங்கள் போதிக்கின்றன. ஆகையால் முதலில் செய்யவேண்டியது அளத்தல்: தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரை 21 தீவுகளைத் தாங்கி நிற்கும் மன்னார் வளைகுடாவிலும், 2022இல் தஞ்சை, புதுக்கோட்டைக் கரைகளை அடுத்து 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஆவுளியா என்னும் கடற்பசுவின் காப்பகமாக அறிவிக்கப்பட்ட பாக் விரிகுடாப் பகுதியிலும், எல்லாப் பருவங்களிலும், இரவும் பகலும், இயற்கையின் ஓசையையும் இயந்திரத்தின் ஓசையையும் தனித்தனியே பதிவு செய்து பொதுமக்களுக்கு வெளியிடுதல் வேண்டும். அடுத்து, துறைமுக விரிவுக்கோ கடலடித் துரப்பணத்துக்கோ அனுமதி அளிக்கையில், கலங்கும் மண்ணையும் கசியும் எண்ணெயையும் கணக்கெடுப்பதுபோல ஓசையையும் கணக்கெடுத்தல் வேண்டும். பவளத்திட்டுகளையும் திமிங்கிலக் களங்களையும் அடுத்த நீரில் வேக வரம்பு விதித்தலும், துறைமுகங்களில் விசிறியைச் சுத்தம் செய்யும் வசதியைப் பெருக்கி அதற்குக் கட்டணச் சலுகை அளித்தலும் உடனே செய்யக்கூடியவை. சுத்தமான விசிறி எரிபொருளையும் மிச்சப்படுத்துமாதலால் கப்பலுடையார்க்கும் இதில் நட்டமில்லை. கொச்சியில் எழுபது ஆண்டுகளாகவும் பின்னர் சென்னையிலும் சேர்ந்த நீரொலி அறிவில், நாட்டின் பாதுகாப்புக்கு ஊறு செய்யாத பகுதியைக் கப்பல் கட்டுவோர்க்கும் மீன்வளத் துறையினர்க்கும் பல்கலைக்கழக மாணவர்க்கும் திறந்துவிடுதல் அரசாங்கத்தின் கடமை. எண்ணெய்க் கசிவு பல ஆண்டுகள் கரையை விட்டகலாது. ஓசையோ, விசிறி நின்ற கணமே ஒழிந்துவிடும். கடலுக்கு மனிதன் இழைத்துள்ள தீங்குகளுள், அவன் மனம் வைத்த அன்றே குறையத் தொடங்குவது இது ஒன்றே. இதனைத் தள்ளிப்போடுவதற்கு நியாயமான காரணம் எதுவும் இல்லை.